செய்கூலியும் சேதாரமும்: சொகுசுக் கப்பல் பில்லில் ஒளிந்திருக்கும் நாணயமாற்றுக் கட்டணம்

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் நான்கைந்து நாள் சென்று திரும்பும் சொகுசுக் கப்பல் பயணம் இப்போது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் விடுமுறைத் திட்டத்தில் இடம்பெறுகிறது. புறப்படுவதற்கு முன் பணத்தைப் பற்றி விசாரித்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பில்லை ரூபாயிலேயே கட்டிவிடுங்கள், ஃபாரெக்ஸ் சார்ஜ் வராது" என்பார் ஒருவர். "டாலரில்தான் கட்ட வேண்டும், ரூபாயில் கேட்டாலே ஏமாற்று" என்பார் இன்னொருவர். "ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருந்தால் எதைப் பற்றியும் கவலை வேண்டாம்" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எதிலும் முழு உண்மை இல்லை. மூன்றாவது யோசனையை மட்டும் நம்பிக் கப்பலேறியவர்தான் சில நேரம் மற்ற இருவரையும்விட அதிகமாக இழக்கிறார் என்பது இதிலுள்ள வேடிக்கை.

எந்த நாணயத்தில் கட்டுவது என்று எல்லோரும் கேட்கிறோம். அந்த நாணயத்தை மாற்றித் தருபவர் யார் என்று கேட்கத் தொடங்கினால் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் நகைக்கடை வரை ஒரு நடை போய் வரலாம்.

பலகை விலையும் பில் விலையும்

அன்றைய தங்கத்தின் விலை ஊர் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கடை வாசல் பலகையிலும் காலைச் செய்தித்தாளிலும் அதே எண்தான் இருக்கும். ஆனாலும் ஒரே எடையுள்ள சங்கிலிக்கு இரண்டு கடைகளில் இரண்டு விதமான பில் வருகிறது. வேறுபாடு தங்கத்தில் இல்லை, செய்கூலியிலும் சேதாரத்திலும் இருக்கிறது. செய்கூலி என்பது பில்லில் தனி வரியாக, கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் கூலி. சேதாரமோ எடையோடு எடையாகக் கலந்து, தங்கத்தின் விலையைப் போலவே தோற்றமளிக்கும். "செய்கூலி அறவே இல்லை" என்று எழுதிப் போட்ட கடையில் சேதாரம் எவ்வளவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முதலிலேயே கேட்டுவிடுவார்கள்.

டாலரை ரூபாயாக்கும் வேலையிலும் இதே மூன்று உருப்படிகள் இருக்கின்றன. சந்தையில் அன்றைக்கு நிலவும் மாற்று விகிதம் பலகை விலை. உங்கள் வங்கி தன் பங்குக்குத் தனியாக எடுத்துக்கொள்ளும் கட்டணம் செய்கூலி. மாற்று விகிதத்தையே சற்று உயர்த்திச் சொல்லி அதற்குள் மறைத்து வைக்கப்படும் லாபம் சேதாரம். கப்பலில் "கட்டணமே இல்லை" என்று யாராவது சொன்னால், நகைக்கடையில் கேட்கும் அதே கேள்வியை அங்கும் கேட்க வேண்டும்.

கப்பலில் பணம் எப்படிக் கைமாறுகிறது

கப்பலுக்குள் பொதுவாக ரொக்கம் புழங்குவதில்லை. ஏறும்போது ஒவ்வொருவருக்கும் அறைச் சாவியாகவும் அடையாளமாகவும் பயன்படும் ஓர் அட்டையைத் தருகிறார்கள். சில கப்பல்களில் கைப்பட்டையோ பதக்கமோ தருவதும் உண்டு. பழச்சாறு வாங்கினாலும் புகைப்படம் வாங்கினாலும் அதைக் காட்டினால் போதும், தொகை உங்கள் அறையின் கணக்கில் ஏறிவிடும். தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டு நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வேண்டும்போதெல்லாம் பொருளை வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் மொத்தமாகக் கணக்கு முடிப்போமே, அதே முறைதான். மாதக் கடைசி என்பது இங்கே பயணத்தின் கடைசி இரவு. இந்தப் பற்று நோட்டைக் கப்பல் கணக்கு என்று அழைப்போம்.

கப்பல் கணக்கு எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது என்பதை அந்த நிறுவனம் முடிவு செய்கிறது. ராயல் கரீபியன் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டாலும் கணக்கு அமெரிக்க டாலரில்தான். அதே சிங்கப்பூரிலிருந்து செல்லும் ஜென்டிங் டிரீம் கப்பலில் சிங்கப்பூர் டாலர். மத்தியதரைக் கடலில் எம்.எஸ்.சி., கோஸ்டா கப்பல்கள் யூரோவில் எழுதுகின்றன. பிரிட்டனின் பி அண்ட் ஓ பவுண்டில் எழுதுகிறது. இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கார்டீலியா போன்ற கப்பலில் கணக்கு ரூபாயிலேயே இருப்பதால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அங்கே தேவைப்படாது.

மளிகைக் கடைக்காரர் உங்களை நம்பினார், ஏனென்றால் உங்கள் வீடு அவருக்குத் தெரியும். கப்பல்காரருக்கு அது தெரியாது. ஆகவே ஏறும்போதே, பெரும்பாலும் அதற்குச் சில நாட்களுக்கு முன்பு இணையவழிப் பதிவின்போதே, ஒரு கடன் அட்டையைக் கணக்கோடு இணைக்கச் சொல்கிறார். அந்த அட்டையில் ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்தியும் வைக்கிறார். இதற்கு முன் அனுமதி என்று பெயர். பணம் எடுக்கப்படுவதில்லை, ஆனால் அந்த அளவுக்கு உங்கள் கடன் வரம்பு குறைந்துவிடும். டெபிட் அட்டையைக் கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கிலுள்ள உங்கள் சொந்தப் பணமே முடங்கி, பயணம் முடிந்து சில நாட்கள் கழித்துத்தான் விடுபடும். கப்பல் கணக்கோடு டெபிட் அட்டையை இணைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: கப்பலில் பலமுறை செலவு செய்கிறோம், ஆனால் கடன் அட்டையைக் கொடுப்பது ஒரே ஒரு முறை, அதுவும் செலவு தொடங்குவதற்கு முன்பே.

அட்டைக்குப் பின்னால் இருக்கும் நால்வர்

கடன் அட்டைப் பரிவர்த்தனைகள் பெரும்பாலானவற்றில் உங்களைத் தவிர நான்கு தரப்பினர் இருக்கிறார்கள். பொருளை விற்பவர், அதாவது இங்கே கப்பல் நிறுவனம். அவருக்காகப் பணத்தை வசூலிக்கும் வணிகர் வங்கி. உங்களுக்கு அட்டை தந்த வங்கி. இவ்விரண்டு வங்கிகளையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னல் நிறுவனம். பெரும்பாலானோர் அறிந்து வைத்திருப்பது முதலாமவரையும் மூன்றாமவரையும் மட்டுமே. நாணயமாற்றின் சூட்சுமமோ மற்ற இருவரிடம் இருக்கிறது.

கப்பல் 600 டாலர் என்று பில்லை அனுப்பினால், அந்த டாலர் வலைப்பின்னல் வரை டாலராகவே வந்து சேரும். உங்கள் அட்டை ரூபாய் அட்டை என்பதால் வலைப்பின்னல் நிறுவனம் அன்றைய தன் விகிதப்படி அதை ரூபாயாக மாற்றி உங்கள் வங்கியிடம் கேட்கும். இந்த விகிதம் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மொத்தச் சந்தை விலையை ஒட்டியே இருக்கும். தனிமனிதர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய விகிதங்களில் இது நல்லது. விசாவும் மாஸ்டர்கார்டும் தத்தம் இணையதளங்களில் விகிதக் கணிப்பானை வைத்திருப்பதால் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நீங்கள் பழச்சாறு குடித்த நாளின் விகிதம் கணக்கில் வராது, கப்பல் பில்லை அனுப்பி அது வலைப்பின்னலில் கையாளப்படும் நாளின் விகிதமே வரும்.

அதன் பிறகு உங்கள் வங்கி தன் செய்கூலியைச் சேர்க்கிறது. இதற்கு மார்க்-அப் என்று பெயர். இந்தியாவில் சாதாரணக் கடன் அட்டைகளுக்கு இது பெரும்பாலும் 3.5 சதவீதம், உயர்வகை அட்டைகளில் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சில அட்டைகளில் அறவே கிடையாது (ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டு என்பது இவற்றைத்தான்). இந்த மார்க்-அப்பின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆகவே 3.5 என்று சொல்லப்படுவது உண்மையில் 4.13 சதவீதமாகிறது; 2 சதவீதம் 2.36 ஆகிறது. ஜி.எஸ்.டி. முழுச் செலவின் மீது விழுவதாக எண்ணிச் சிலர் அஞ்சுகிறார்கள். அது கட்டணத்தின் மீது மட்டுமே விழுகிறது.

கப்பல் எந்தக் கடலில் மிதக்கிறது என்பதோ எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதோ அட்டைக்குத் தெரியாது. விற்பவர் எந்த நாட்டு வணிகராக வலைப்பின்னலில் பதிவாகியிருக்கிறார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மியாமியிலிருந்து இயங்கும் ராயல் கரீபியன் லைபீரியாவில் பதிவுசெய்யப்பட்ட நிறுவனம். கார்னிவல் நீண்ட காலம் பனாமாவில் பதிவாகியிருந்த நிறுவனம். கொச்சித் துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பலில் தேநீர் குடித்தாலும் உங்கள் வங்கியின் பார்வையில் அது வெளிநாட்டுச் செலவாகவே இருக்கக்கூடும்.

நடுவே நுழையும் மாற்றுக்காரர்

மேலே சொன்ன வழியில் மாற்றும் வேலையைச் செய்தவர் வலைப்பின்னல் நிறுவனம். செய்கூலி வாங்கியவர் உங்கள் வங்கி. இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் பில் கப்பலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, வணிகர் வங்கியோ அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனமோ டாலரை ரூபாயாக மாற்றிவிடும். உங்கள் வங்கிக்குப் போய்ச் சேர்வது ரூபாய்ப் பில். இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டி.சி.சி. என்பார்கள். கோலாலம்பூர்க் கடையிலோ பாங்காக் விமான நிலையத்திலோ அட்டையைத் தேய்க்கும்போது, "உள்ளூர் நாணயமா, இந்திய ரூபாயா?" என்று கருவியின் திரை கேட்குமே, அந்தக் கேள்விதான் டி.சி.சி.

சொந்த நாட்டு நாணயத்தைத் திரையில் பார்த்தால் மனதுக்கு ஒரு நிம்மதி வருகிறது. இத்தனை ரூபாய் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது, மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. டி.சி.சி. விற்பது அந்த நிம்மதியைத்தான், அதற்கு விலையும் உண்டு. மாற்றித் தருபவர் தன் லாபத்தைத் தனி வரியாகக் காட்டாமல் விகிதத்திலேயே ஏற்றிவிடுகிறார். அது பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும். அந்த லாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு என்பதால்தான் பல இடங்களில் விற்பனையாளர் ரூபாய்ப் பொத்தானை அவ்வளவு அன்போடு சுட்டிக்காட்டுகிறார்.

பில் ரூபாயில் வந்துவிட்டதால் உங்கள் வங்கி கட்டணம் எதுவும் கேட்காது என்று எண்ணுவதும் தவறாகிவிடலாம். விற்பவர் வெளிநாட்டு வணிகராகவே இருப்பதால், ரூபாயில் வந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் பல இந்திய வங்கிகள் 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. அதன் மீதும் ஜி.எஸ்.டி. உண்டு. செய்கூலி இல்லாத கடை என்று நம்பி நுழைந்து, சேதாரத்தோடு செய்கூலியும் கொடுத்துவிட்டு வருவதற்கு ஒப்பான நிலை இது.

சுருக்கமாகச் சொன்னால், டாலர் ரூபாயாகும் இடம் இரண்டில் ஒன்று. வலைப்பின்னலில் மாறினால் பலகை விலையும் உங்கள் வங்கியின் செய்கூலியும் சேரும். கப்பலிலேயே மாறினால் சேதாரம் ஏறிய விலை வரும், அதற்கு மேல் வங்கிக் கட்டணமும் வரலாம்.

கப்பலில் இது ஏன் கண்ணில் படுவதில்லை

கடையில் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் திரை கேட்கிறது. ஒரு முறை தவறாக அழுத்தியவர் அடுத்த கடையில் விழித்துக்கொள்ளலாம். கப்பலில் அந்த வாய்ப்பு இல்லை. அட்டையைக் கொடுப்பது ஒரே முறை என்று முன்பு பார்த்தோம். ஆகவே நாணயக் கேள்வியும் ஒரே முறைதான் எழுகிறது, அதுவும் நீங்கள் அதைக் கேள்வி என்றே உணராத இடத்தில். இணையவழிப் பதிவின் நீண்ட நிபந்தனைகளுக்கு நடுவிலோ, கட்டணப் பகுதியில் முன்கூட்டியே குறியிடப்பட்ட ஒரு சிறு பெட்டியாகவோ அது இருக்கலாம். "உங்கள் வசதிக்காக, உங்கள் கணக்கின் மொத்தத் தொகை உங்கள் அட்டையின் நாணயத்தில் வசூலிக்கப்படும், இது வேண்டாமெனில் விருந்தினர் சேவை மேசையை அணுகவும்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். அணுகாதவர் ஒப்புக்கொண்டவராகக் கருதப்படுவார்.

எல்லாக் கப்பல் நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை. செய்பவையும் எல்லா நாணயங்களுக்கும் செய்வதில்லை. பவுண்டு, கனடிய டாலர், ஆஸ்திரேலிய டாலர் அட்டைகளுக்கு மட்டும் இதை வைத்திருக்கும் கப்பல், ரூபாய் அட்டைக்கு நேராக டாலரிலேயே பில் அனுப்பலாம். இலண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் உள்ள நம் உறவினர்கள் இதைப் பற்றி நம்மைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். ஊகித்துக்கொண்டிருக்காமல் ஏறிய முதல் நாளே சேவை மேசையில் நின்று, "என் கணக்கை எந்த நாணயத்தில் முடிப்பீர்கள்? கப்பலின் நாணயத்திலேயே முடியுங்கள், என் நாட்டு நாணயத்துக்கு மாற்ற வேண்டாம்" என்று சொல்லிவிடுவது நல்லது. அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, டி.சி.சி. அட்டைதாரரின் சம்மதத்தோடு மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது வலைப்பின்னல் நிறுவனங்களின் விதி. சொன்னதற்குச் சான்றாக ஒரு படிவமோ மின்னஞ்சலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று கடைசி இரவுக்குத் தள்ளிப்போட்டால் அன்றைக்கு வரிசை இன்னும் நீளமாக இருக்கும்.

கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாத்தா பாட்டிக்கு ஓர் அறை, மகன் குடும்பத்துக்கு ஓர் அறை என்று எடுத்து, இரண்டிலும் வெவ்வேறு அட்டைகளை இணைத்திருந்தால், இரண்டு கணக்குகளுக்கும் தனித்தனியே இதைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவர் கணக்குக்குப் பொருந்தாது.

600 டாலரை வைத்து ஒரு கணக்கு

நால்வர் கொண்ட குடும்பம் நான்கு இரவுகள் பயணம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களுக்கான அன்றாட டிப்ஸ் ஒருவருக்கு ஏறத்தாழ 18 டாலர் என்றால் அதுவே 288 டாலராகிவிடும். குளிர்பானம், இணையத் தொகுப்பு, கரைச் சுற்றுலா, புகைப்படம் எல்லாம் சேர்த்து 600 டாலர். கணக்கு எளிதாக இருக்க வலைப்பின்னல் விகிதத்தை ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். பலகை விலைப்படி மொத்தம் 51,000 ரூபாய்.

பில் டாலரில் வந்து, உங்கள் அட்டைக்கு 3.5 சதவீத மார்க்-அப் இருந்தால், 1,785 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி. 321 ரூபாயும் சேர்ந்து 53,106 ரூபாய் ஆகும். 2 சதவீத அட்டை என்றால் 52,204 ரூபாய். மார்க்-அப் இல்லாத அட்டை என்றால் அதே 51,000 ரூபாய்.

இப்போது கப்பலே 4 சதவீதம் ஏற்றிய விகிதத்தில் ரூபாயாக்கிவிட்டது என்று கொள்வோம். பில் 53,040 ரூபாய். உங்கள் வங்கி இதற்கு 1 சதவீதம் கட்டணம் வைத்திருந்தால், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 53,666 ரூபாய்.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். "ரூபாயில் கேட்டாலே ஏமாற்று" என்று சொன்னவர் இங்கே முழுவதும் சரியல்ல. 3.5 சதவீத அட்டை வைத்திருப்பவருக்கு, அவருடைய வங்கி டி.சி.சி.க்குத் தனிக் கட்டணம் வாங்காவிட்டால், ரூபாய்ப் பில் 66 ரூபாய் மலிவாகவே வருகிறது. கட்டணம் வாங்கினால் 560 ரூபாய் கூடுதலாகிறது. அவரைப் பொறுத்தவரை இரண்டு வழியுமே விலை உயர்ந்தவைதான், வேறுபாடு சொற்பம். பெரிய அடி விழுவது ஜீரோ ஃபாரெக்ஸ் அட்டைக்காரருக்கு. 51,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பில் குறைந்தது 53,040 ஆகிவிடுகிறது. அவர் தேடிப் பிடித்து வாங்கிய அட்டையின் பலன் முழுவதும் பதிவுப் படிவத்தின் ஒரு பெட்டியில் கரைந்துபோகிறது. செய்கூலியே இல்லாத கடையில் உறுப்பினராக இருந்துகொண்டு எதிர்க்கடையில் போய் நகை வாங்கிய கதைதான்.

ஆகவே கட்டணம் முழுவதையும் தவிர்க்க இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும்: கப்பல் நாணயத்தை மாற்றக் கூடாது, வங்கி செய்கூலி வாங்கக் கூடாது.

எந்த அட்டையோடு ஏறுவது

மார்க்-அப் இல்லாத கடன் அட்டைகள் இந்தியாவில் இப்போது பல இருக்கின்றன. வருமானச் சான்று இல்லாதவர்கள் வைப்புத்தொகையை ஈடாக வைத்துப் பெறக்கூடியவையும் அவற்றில் உண்டு. பெயர்களை இங்கே பட்டியலிடுவதில் பயனில்லை, ஏனென்றால் இந்தச் சலுகைகளை வங்கிகள் அடிக்கடி மாற்றுகின்றன. அட்டையின் கட்டண அட்டவணையில் வெளிநாட்டு நாணய மார்க்-அப் என்ற வரியையும், டி.சி.சி. கட்டணம் என்ற வரியையும் பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை படித்துவிட்டால் போதும். ஓராண்டுக் கட்டணம் 3,000 ரூபாய் உள்ள அட்டையை ஒரே ஒரு கப்பல் பயணத்துக்காக வாங்குவது 2,000 ரூபாய் மிச்சப்படுத்த 3,000 செலவழிப்பதாகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் அட்டையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதில் அமெரிக்க டாலரை ஏற்றி, கப்பல் கணக்கும் அமெரிக்க டாலரிலேயே இருந்தால் செலவின்போது மாற்றமே நிகழாது. ஆனால் மாற்றம் முன்பே நிகழ்ந்துவிட்டது. ரூபாய் கொடுத்து டாலரை ஏற்றிய நாளில் வங்கி வைத்த விற்பனை விகிதத்தில் அதன் லாபம் அடங்கியிருக்கிறது. சிங்கப்பூர்ப் பயணம் என்று எண்ணிச் சிங்கப்பூர் டாலரை ஏற்றிக்கொண்டு, அமெரிக்க டாலரில் கணக்கு எழுதும் கப்பலில் ஏறினால், ஒரு வெளிநாட்டு நாணயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கட்டணம் தனியாக விழும். மேலும், கப்பலின் முன் அனுமதி இந்த அட்டையில் விழுந்தால் ஏற்றிய பணமே முடங்கும். கரையில் சாப்பிடக் காசிருக்காது. இவ்வட்டைகளை ஏற்காத கப்பல்களும் உண்டு. என் கணிப்பில் ஃபாரெக்ஸ் அட்டை கரையில் செலவழிக்க நல்லது, கப்பல் கணக்குக்கு அவ்வளவு பொருத்தமல்ல.

ரொக்கமாக டாலர் கொண்டுபோய் கடைசி இரவில் மேசையில் கட்டிவிடலாமா என்றால், பல கப்பல்களில் கட்டலாம். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துச் செல்ல இந்திய ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. நோட்டு விற்பவரின் லாபமும் விகிதத்திலேயே இருக்கும். பையில் நோட்டுக்கட்டோடு கடலில் நான்கு நாள் இருப்பது எல்லோருக்கும் உகந்ததல்ல, ஆனால் 3.5 சதவீத அட்டை ஒன்று மட்டுமே வைத்திருப்பவர், நல்ல விகிதத்தில் டாலர் கிடைத்தால், இதைப் பரிசீலிக்கலாம்.

எந்த அட்டையானாலும், அதில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்டிருக்கிறதா என்பதை வீட்டிலிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டுக்கு நாமே திறந்து, வரம்பையும் நிர்ணயிக்க வேண்டும். முன் அனுமதித் தொகைக்கும் இடம் வைத்து வரம்பை அமையுங்கள். நடுக்கடலில், சிக்னல் இல்லாத இடத்தில், வங்கிச் செயலியைத் திறக்க முயல்வது வீண் வேதனை.

கரையிறங்கும்போது பினாங்குக் கடைகளிலும் புக்கெட் ஏ.டி.எம்.களிலும் அதே கேள்வி மீண்டும் வரும். அங்கே ரிங்கிட், பாட் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், ஏ.டி.எம். "மாற்றமின்றித் தொடர" என்று காட்டினால் அதை அழுத்துங்கள்.

வரியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. வெளிநாட்டில் கடன் அட்டையைத் தேய்த்தால் 20 சதவீதம் டி.சி.எஸ். (செலவின்போதே வசூலிக்கப்படும் வருமான வரி) பிடிப்பார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2023 மே மாதம் அப்படியொரு விதிமாற்றம் அறிவிக்கப்பட்டது உண்மை; 2023 ஜூன் 28 அன்று நிதியமைச்சகம் அதை ஒத்திவைத்தது. அந்தப் பேச்சுக்கும் நாணயமாற்றுக் கட்டணத்துக்கும் தொடர்பில்லை.

கடைசி இரவும் அதன் பிறகும்

பயணத்தின் கடைசி இரவில் கணக்கின் முழு விவரம் அறைக்கதவின் கீழோ செயலியிலோ வந்து சேரும். தவறாக ஏறிய தொகை ஏதேனும் இருந்தால் அன்றிரவே திருத்தச் சொல்ல வேண்டும். கணக்கு முடிவதற்கு முன் திருத்தினால் டாலரிலேயே கழிந்துவிடும். முடிந்த பிறகு என்றால் தொகை அட்டைக்குத் திரும்பி வர வேண்டும். அது வேறொரு நாளின் விகிதத்தில் வரும், முதலில் வாங்கிய மார்க்-அப்பும் பெரும்பாலும் திரும்பாது. டி.சி.சி. வழியாகப் போன பில் என்றால் இழப்பு இன்னும் கூடுதல். 20 டாலர் தவறுக்காக நடுநிசியில் மேசைக்குப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த விவரத்தின் அடியில் ரூபாய்த் தொகையோ ஒரு மாற்று விகிதமோ அச்சாகியிருந்தால், உங்கள் கணக்கு டி.சி.சி.யில் இருக்கிறது என்று பொருள். இறங்குவதற்கு முன் அதை மாற்றச் சொல்ல இன்னும் நேரமிருக்கிறது. இறங்கிய பின் கப்பல் நிறுவனத்தோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வீடு திரும்பியதும் அட்டை அறிக்கையில் அந்த வரியைத் தேடுங்கள். டாலரில் வந்த பில் என்றால் 600 டாலர் என்ற மூலத் தொகையும் அதன் ரூபாய் மதிப்பும் அருகருகே இருக்கும், மார்க்-அப்பும் ஜி.எஸ்.டி.யும் தனி வரிகளாக வரும். டாலர் எண்ணே இல்லாமல் ரூபாய் மட்டும் இருந்தால் மாற்றம் கப்பலிலேயே நடந்துவிட்டது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும், அல்லது உங்களிடம் கேட்காமலேயே, அப்படி நடந்திருந்தால், தவறான நாணயத்தில் வசூலித்ததாக உங்கள் வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம். வலைப்பின்னல் விதிகளில் இதற்கு இடம் உண்டு. முதல் நாள் சேவை மேசையில் வாங்கி வைத்த அந்தச் சீட்டு அப்போதுதான் தேவைப்படும். அதை அட்டை அறிக்கை வரும் வரையாவது பத்திரமாக வைத்திருங்கள்.